எதிர்க்கரையில் ஒரு சிவப்புப் போர்வை

அலுவலகத்தில் அவளுக்குச் சீசாம்மா என்று பெயர். ஏரித் தண்ணீரைச் சீசாவில் பிடித்து வந்து சோதிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கோபம் வந்தால் கணவர்கூட, "போ, உன் சீசாவையே கட்டிக்கிட்டு அழு" என்பார்.

ஏரிக்கு இரண்டு கரை, இரண்டு நாடு. இந்தக் கரையில் சீசாம்மா. அந்தக் கரையில், கல்யாணமாகிப் போன அவள் அக்கா. முன்பெல்லாம் படகில் முக்கால் மணி நேரம். காலையில் போய், அக்காவோடு வம்பளந்து, அவள் தலையை வாரிப் பின்னிவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். பதினோரு வருஷத்துக்கு முன் ஏரி மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. உன் கழிவா, என் கழிவா என்று இரண்டு அரசுகளும் முறைத்துக்கொண்டதில் படகு நின்றது. இப்போது போக வேண்டுமென்றால் தலைநகரம் போய், விமானம் ஏறி, ஊரைச் சுற்றி மூன்று நாள். அக்காவுக்கோ முழங்கால் போய்விட்டது. போனில் தினமும் முகம் பார்க்கலாம்தான். போனில் தலை பின்ன முடியுமா?

மாதத்தில் ஒரு நாள், இரு கரையிலிருந்தும் ஆளுக்கொரு படகு நடு ஏரி மிதவைக்கு வரும். ஒரே நேரத்தில் தண்ணீர் பிடித்து, ஒருவர் சீசாவை மற்றவரிடம் கொடுப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று வந்த ஏற்பாடு. அங்கிருந்து வருபவர் ஒரு கண்ணாடிக்காரர். இத்தனை வருஷத்தில் அவரும் அவளும் பேசியதை எழுதினால் ஒரு பக்கம் தேறாது. அந்த நாளில் அக்கா தன் மொட்டைமாடியில் ஒரு சிவப்புப் போர்வையைக் காயப்போடுவாள். மிதவையிலிருந்து பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் தெரியும். சீசாம்மாவுக்கு அந்த மாதத்துக்கு அது போதும்.

கழிவில் இந்தக் கரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பழைய கருவி நூற்றில் முப்பதிலிருந்து எழுபதுக்குள் என்றுதான் சொல்லும். இப்படி மழுப்பினால் எவன் ஒப்பந்தம் போடுவான் என்று அவளுக்கு எரிச்சல். மேலிடத்துக்கு நாலு வருஷம் எழுதி எழுதியே ஒரு புதுக் கருவியை வரவழைத்தாள். விஷயம் தெளிவானால் படகு ஓடும் என்று நம்பினாள்.

கருவி வந்த சமயத்தில் பேச்சுவார்த்தையும் கனிந்திருந்தது. ஏரியைச் சுத்தம் செய்வதில் ஆளுக்குப் பாதி, படகும் ஓடும், வியாழக்கிழமை கையெழுத்து. "சீப்பைக்கூட எடுத்து வெச்சுட்டேன்டி" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை புதுக் கருவி வாயைத் திறந்தது. இந்தக் கரையின் பங்கு அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தைந்துக்குள். மூன்று தடவை பார்த்தாள்; மாறவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என்னம்மா, இந்த நேரத்துல குண்டைத் தூக்கிப் போடறீங்க?"

"இப்பதான் சார் சரியா தெரிஞ்சிருக்கு!"

"அதான் வினையே. தெரியாத வரைக்கும் ரெண்டு பேருக்கும் பயம். எழுபது நம்ம தலையில விழுந்துட்டா என்ன பண்றதுன்னு இவங்களுக்கும் பயம், அவங்களுக்கும் பயம். அதனாலதான் பாதிக்கு இறங்கி வந்தாங்க. இதைப் பாத்த பிறகு அவங்க எதுக்குப் பாதியைச் சுமக்கணும்? நம்ம ஆளுங்கதான் அறுபத்தஞ்சுக்குத் தலையாட்டுவாங்களா?"

"முடிவை அன்னைக்கே ரெண்டு கரைக்கும் அனுப்பணும்னு விதி இருக்கே சார்."

"கருவி புதுசு, பழகிட்டிருக்கோம்னு சொல்லிடலாம். வெள்ளிக்கிழமை அனுப்புங்க. உங்க அக்காவையும் பாத்துட்டு வந்துடுவீங்க." அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர் அடுத்த நடைக்கு முன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பக்கத்து வீட்டுக்காரரும் நாமளும் சேர்ந்து சாக்கடை தோண்டினது ஞாபகம் இருக்கா? யாரால அடைச்சுதுன்னு தெரியாததால அவரும் மண்வெட்டியோட வந்து நின்னார். கடைசியில பாத்தா நம்ம வீட்டுத் தரை துடைக்கிற துணி. நீ அதை வாளிக்கு அடியில தள்ளின வேகம் இருக்கே! இப்ப மட்டும் என்னடி பெரிய உத்தமி?"

"அது துணிங்க."

"இது வெறும் நம்பரு."

அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான் குடுக்கற சீசாவை அந்தக் கண்ணாடிக்காரர் ஒரு நாள்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்ததில்ல. அப்படியே வாங்கிப் பெட்டியில வெச்சுக்குவார். அடுத்த மாசம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் நீட்டறது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம்தான். "அப்ப அனுப்பித் தொலை. அப்புறம் மூலையில உக்காந்துகிட்டு மூக்கைச் சிந்தாதே."

மூன்று மணிக்கு அனுப்பினாள். புதன்கிழமையே செய்தி வந்தது: கையெழுத்து தள்ளிவைப்பு, தேதி குறிப்பிடப்படவில்லை.

அக்கா கூப்பிட்டாள். "நீதான் அனுப்பினியா?"

"ஆமாக்கா."

"ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு மூன்று வாரம் அக்கா கூப்பிடவும் இல்லை, இவள் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. சீசாம்மா தினமும் சீப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றாள்.

அடுத்த மாதம் மிதவைக்குப் போனாள். ஏரி மேல் பால் போலப் பனி. கண்ணாடிக்காரர் வழக்கம்போல அவள் நீட்டிய சீசாவை அப்படியே வாங்கிப் பெட்டியில் வைத்தார். அவள் கண் எதிர்க்கரையிலேயே இருந்தது. வெள்ளைக் கட்டடம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேலே சிவப்பாக ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"உனக்குத் தெரியுதாப்பா?" என்று படகோட்டியைக் கேட்டாள்.

"இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்லம்மா. நான் என்னத்தைக் கண்டேன்?"

கண்ணாடிக்காரர் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கழற்றி நீட்டினார். "பாக்கறீங்களா?"

கை தானாக நீண்டது. வாங்காமலே மடக்கிக்கொண்டாள். "வேண்டாம் சார். இருக்கட்டும்."

பதிவேட்டில் வழக்கமான கட்டங்களை நிரப்பினாள். எதிர்க்கரை தெரிகிறதா என்ற கட்டத்துக்கு வந்ததும், பேனா நின்றது. படகோட்டி மோட்டாரைக் கிளப்பப் போனான்.

"இருப்பா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கட்டும்."