சவுரிராயன் கொண்டுபோன மீன் தொட்டி

இருட்டு என்றால் சவுரிராயனுக்கு ஆகாது. முகையூர் வட்டாரத்தில் தேர், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எது நடந்தாலும் அவருடைய லைட் செட்தான். மணமேடையில் அவர் வைக்கும் வெளிச்சத்தில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் முகமே தெரியாது. ஒருமுறை பங்குச் சாமியார் கண்ணை மூடிக்கொண்டே பிரசங்கம் முழுவதையும் முடித்தார். என்ன பக்தி என்று ஜனங்கள் உருகிப் போனார்கள். பக்தி இல்லை, நேர் எதிரே சவுரிராயனின் போகஸ் லைட்.

அப்பேர்ப்பட்டவரைத் திண்டிவனத்துச் சம்பந்தி சூசைநாதன் ஒரே வார்த்தையில் அணைத்துவிட்டார். மகள் மலர்விழியின் கல்யாணத்துக்குச் சவுரிராயன் கொடுத்த சீரில், பிளாஸ்டிக் பூவும் கொடியும் சுற்றி, ஸ்விட்ச் போட்டால் தண்ணீர் ஊற்றும் அலங்கார நீரூற்று ஒன்று இருந்தது. பந்தியில் அத்தனை பேர் காதிலும் விழும்படி சூசைநாதன் சொன்னார்: "எங்க சம்மந்தி குடுத்த சீரு வாடவே வாடாதுங்க. மாசத்துக்கு ஒருக்கா தூசி தட்டுனா போதும்."

பந்தியில் எழுந்த சிரிப்பு சவுரிராயனின் காதிலேயே தங்கிவிட்டது. ஆகவே மகள் திண்டிவனத்தில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா என்றதும் அவர் முடிவு செய்துவிட்டார். இந்தத் தடவை சீர் உயிரோடு இருக்க வேண்டும். மீனும் உயிர், செடியும் உயிர். சூசைநாதன் வாயைத் திறக்கக் கூடாது.

விழுப்புரத்தில் தென்னரசு மீன் கடை வைத்திருந்தான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன் பரம்பரையில் அவன்தான். அதனால் கடைப் பலகையில் மீன் சின்னதாகவும் எம்.எஸ்சி. தாவரவியல் பெரியதாகவும் இருந்தன. சவுரிராயன் ஒவ்வொரு செடியையும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். எது பளபளத்ததோ அது பிடித்தது. கருஞ்சிவப்பாக ஒன்று பளபளத்தது. அதற்குப் பலத்த வெளிச்சமும், தண்ணீரில் தனியாகக் கரியமில வாயுவும் விட வேண்டும் என்று தென்னரசு தடுத்தான். "வேணாம்ண்ணே. எம்.எஸ்சி. படிச்ச என் வூட்டுலயே அது செத்துப்போச்சு."

கடைசியில் ரிப்பன் போல நீளமாக வளரும் வாலிஸ்னேரியாவும், கல்லில் கட்டி வைத்தாலே பிழைத்துக்கொள்ளும் அனுபியாசும் முடிவாயின. வேர் பிடிக்க நாள் வேண்டும், இப்போதே தொட்டியை வைத்துவிடுங்கள் என்றான் தென்னரசு. கூடவே பென்சில் பெட்டி அளவுக்கு ஒரு எல்.இ.டி. விளக்கைக் கொடுத்து, பகலில் எட்டு மணி நேரம் போதும், அப்புறம் அணைத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான்.

சவுரிராயனுக்கு அது தன் தொழிலையே கேவலப்படுத்துவது போலிருந்தது. சாவு வீட்டுக்குக்கூட அவர் இவ்வளவு சின்ன விளக்குக் கட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த விளக்கைப் பரணில் போட்டார். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு போகஸ், அந்தப் பக்கம் ஒரு போகஸ், விளிம்பு சுற்றிச் சீரியல் செட். விடிய விடிய எரிந்தது. முதல் சில நாள் இலை நுனியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. தெருவே வந்து பார்த்தது. அப்புறம் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியது. வெளிச்சம் பற்றவில்லை போல என்று இன்னொரு போகஸைக் கட்டினார். தண்ணீர் முருங்கைக்கீரைச் சாறாகிவிட்டது. செடியும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை.

"உள்ள மீனு கீனு இருக்குதா, இல்ல கொழம்பு வெச்சுத் தின்னுட்டியா?" என்றாள் மனைவி லூர்துமேரி.

விழாவுக்கு முதல் நாள்தான் சவுரிராயன் தென்னரசுக்குப் போன் போட்டார். அதிக வெளிச்சத்தில் பாசி பெருகிவிட்டது, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, தொட்டியை நன்றாக மூடி நாலு நாள் இருட்டில் போடுங்கள், பாசி செத்துவிடும், செடி தாங்கும் என்றான் அவன். நாளைக்கே சீர் என்றார் இவர். அப்படியே மூடிக் கொண்டுபோய் அங்கே இருட்டில் வையுங்கள் என்றது மறுமுனையில் எம்.எஸ்சி.

மறுநாள் சாயங்காலம் அவருடைய குட்டி யானை வண்டியில் தொட்டி திண்டிவனம் போனது. தெருமுனையிலிருந்து மேளம், பட்டாசு, தட்டு வரிசை. நடுவில் நாலு பேர் தூக்கி வர, ஊதாத் துணி போர்த்திய தொட்டி. மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த துணி அது. கூடத்தில் இறக்கித் தண்ணீரை நிரப்பியதும் சூசைநாதன் துணியில் கை வைத்தார். சவுரிராயன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளு தொறக்கக் கூடாதுங்க சம்மந்தி. வெளிச்சமும் ஆகாது."

"லைட் செட்டுக்காரரு இருட்டச் சீரா கொண்ணாந்திருக்காரு பாருங்க" என்றார் சூசைநாதன். கூடம் சிரித்தது. மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

சவுரிராயனுக்கு அந்த நேரத்தில் கோயில்தான் நினைவுக்கு வந்தது. "தவக்காலத்துல சாமி சுரூபத்தையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடறோம். ஈஸ்டருக்குத் தொறக்கறோம். உசுரு இருக்கற சீருக்கு எங்க பக்கம் அதான் மொற" என்றார். சொன்ன பிறகுதான் இப்படி ஒரு முறை இருப்பது அவருக்கே தெரிந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. ஒரு கிழவி துணியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். இன்னொருத்தி பயபக்தியாக ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றித் தொட்டி முன் வைத்தாள். சவுரிராயன் பாய்ந்து ஊதி அணைத்தார். அடுத்தவள் ஏற்றினாள், அதையும் அணைத்தார். இனி இவர்களை நம்ப முடியாது என்று கூடத்து டியூப் லைட்டையும் அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே பாய் விரித்துவிட்டார். வந்த விருந்தாளிகள் எல்லாரும் இருட்டில்தான் பிரியாணி சாப்பிட்டார்கள். யாரோ ஸ்விட்ச் பக்கம் போனபோது, "மொறன்னா மொறதான்" என்று அதட்டியது சூசைநாதன்.

நாலாம் நாள் சாயங்காலம் சவுரிராயன் துணியை எடுத்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மீன்கள் அத்தனையும் இருந்தன. வாலிஸ்னேரியாவில் இரண்டு இலை பழுத்திருந்தது. அடியில் புதிதாக ஒரு குருத்து விட்டிருந்தது.

சூசைநாதன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். சந்தேகம் போகவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி உள்ளே விட்டு, பழுத்த இலையில் ஒரு துண்டு கிள்ளினார். முகர்ந்தார். கடித்தும் பார்த்தார்.

"செடிதாங்க சம்மந்தி" என்றார்.

சவுரிராயனுக்கு அது போதும். அந்த மகிழ்ச்சியில் வண்டியிலிருந்த போகஸ் லைட்டை எடுத்துவர எழுந்தார். மலர்விழி வாசலில் குறுக்கே நின்றாள். "யப்பா, அந்தக் குட்டி லைட்டு எங்க?" லூர்துமேரி முந்தானை மறைவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பரணிலிருந்து எப்போது எடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் சூசைநாதனின் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. அவர்களும் மீன் தொட்டி வாங்கியிருந்தார்கள். சூசைநாதனே போன் போட்டார். லைட் செட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று சவுரிராயன் எத்தனை போகஸ் வேண்டும் என்று கேட்டார்.

"லைட்டெல்லாம் வேணாங்க சம்மந்தி. நீங்க அந்தத் துணிய எடுத்துக்கினு வந்து நாலு நாளு குந்துனா போதும்."