பத்து ஓட்டைக்குப் பத்துப் பொட்டு

நேற்று வாடிப்பட்டி மண்டபத்தில் என் கால் இரண்டும் நடுங்கின, நண்பர்களே!

ஜல்லிக்கட்டுக் காளைக்கு எதிரே நின்ற கால்கள் இவை. (கேலரியில்தான். ஆனாலும் முதல் வரிசை!)

அப்படிப்பட்டவனை நடுங்க வைத்தது ஒரு மவுத்தார்கன்.

மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி, "உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார். "மவுத்தார்கன் வாசிப்பேன்" என்றேன். பொய் இல்லை. இளவட்ட வயதில் ஒரு தாலாட்டு பழகியிருக்கிறேன். நான் வாசித்தால் எருமை மாடு நின்றபடியே தூங்கும்.

மனுசன் அதோடு விடவில்லை. கல்யாண வரவேற்பில் நான் வாசிக்கப்போவதாக அவர் ஊர் முகப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பொண்ணு மாப்பிள்ளை ஓரத்தில், நடுவில் நான்! 'மவுத்தார்கன் சிங்கம்' என்று பட்டம் வேறு.

வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்ததும் பரணில் ஏறித் தேடினேன். சிங்கத்திடம் மவுத்தார்கனே இல்லை!

வீட்டம்மா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க மானம் போனாலும் நம்ம திருநகருக்கு பஸ் ஏறி வந்துருவீக. பிள்ளை அங்கதான இருக்கணும்? மாமியா வீட்டுல காலம்பூரா சொல்லிக் காட்ட மாட்டாகளா?"

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே இருவரும் கீழவாசல் பக்கம் ஒரு பாயின் வாத்தியக் கடைக்குப் போனோம்.

"பாய், இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு எடுங்க!"

முழ நீளத்தில் இரண்டு வரிசை ஓட்டையோடு ஒன்றை எடுத்தார். விலையைக் கேட்டதும் வீட்டம்மா அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினாள்.

"ஒரு சட்டை விலைக்குள்ள காட்டுங்க பாய். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்குது."

பாய் சிரித்தார். "எத்தனை பாட்டு வாசிப்பீங்க அண்ணே?"

"ஒண்ணுதான். ஆனா ஒண்ணும் சும்மா இல்ல!"

"அப்ப டயட்டானிக் போதும். பத்து ஓட்டை. சி ஸ்கேல், நம்ம ஒரு கட்டை. இந்தக் கலர் பீஸு பிள்ளைக வெளையாட. ஊதுனா பாதிக் காத்து ஓரத்துல போயிரும். இது மர உடம்பு, சத்தம் அருமையா இருக்கும், எச்சில் பட்டா உப்பிரும். மூடியில ஆணி அடிச்சிருக்கு. இதுல உடம்பு பிளாஸ்டிக், உள்ள பித்தளை நாக்கு, அதுதான் சத்தம் போடும். மூடிக்கு ஸ்குரூ, கழட்டிச் சுத்தம் பண்ணலாம்."

நான் மரத்தைத்தான் பிடித்தேன். மேடையில் கெத்தாக இருக்குமே!

"கழட்ட முடியுறதையே வாங்குங்க" என்றாள் வீட்டம்மா. "உங்க கைக்கு வந்தது எது உருப்படியா இருந்திருக்கு?"

கடையில் வாய் வைத்துப் பார்க்க விட மாட்டார்களாம். பாய் ஒரு சின்னத் துருத்தியில் வைத்து ஒவ்வொரு ஓட்டையாக அமுக்கி, இழுத்துக் காட்டினார். எல்லாம் பேசின.

"நாலாவது ஓட்டைதான் உசுரு அண்ணே. அங்கதான் சரிகமவோட சா ஆரம்பிக்கும், ஏழுல மேல் சா. உங்க தாலாட்டு அதுக்குள்ளயே முடிஞ்சுரும்."

அதையே வாங்கி வந்து தினமும் பழகினேன். எங்கள் தெரு நாய்கள் குரைப்பதையே விட்டுவிட்டன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

வரவேற்பன்று காலையில் மவுத்தார்கனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். புது பைக்குக்கே சந்தனப் பொட்டு வைக்கிற ஊர் நம்ம ஊர். கலைக்கருவிக்கு வைக்காமல் விடலாமா? பத்து ஓட்டைக்கும் பத்துப் பொட்டு! நாலாவது உசுரு என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்தேன்.

சாயங்காலம் மண்டபத்து அறையில் ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.

நாலாவது ஓட்டையில் சத்தமே இல்லை!

மறுபடி ஊதினேன். 'உஸ்ஸ்' என்று காற்றுகூட வரவில்லை.

வெளியே வாடிப்பட்டி மேளம் மண்டபத்தையே உலுக்கிக்கொண்டிருந்தது. அது நின்றால் அடுத்தது நான். திண்டுக்கல் பஸ் பிடித்து எங்காவது போய்விடலாம் என்று பின்வாசலைத் தேடினேன். சமையல்காரர் வழிமறித்தார்.

"பந்திக்கா மாமா? முன்னாடி போங்க!"

திரும்பி வந்தால் வாசலில் வீட்டம்மா.

"ஏன் மூஞ்சி வெளிறிப் போயிருக்கு?"

"நாலாவது செத்துருச்சுடி!"

வாங்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "ஓட்டைக்குள்ளயா பொட்டு வச்சீக?"

"மேலதான் வச்சேன். அதுவா இறங்கிருச்சு."

தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். மைக்செட்காரரிடம் டெஸ்டர் வாங்கி வந்து மூடியைக் கழற்றினாள். ஒரு ஸ்குரூ உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. என் உயிரும் கூடவே போனது! பட்டுச்சேலையோடு குப்புறப் படுத்து எடுத்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைப் பித்தளை நாக்கு வளையாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள்.

மேளம் நின்றது.

மைக்கில் என் பெயர்!

கடைசி ஸ்குரூவைத் திருகி என் கையில் திணித்தாள். "ஊதுங்க. பிள்ளை பாக்குது."

மேடையில் ஏறினேன். கூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் முகம் மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாலாவதில் ஊதினேன்.

சா வந்தது நண்பர்களே! கூடவே மிச்சச் சந்தனமும் பொடியாகப் பறந்து வந்து, பக்கத்தில் நின்ற சம்பந்தி மீசையில் உட்கார்ந்தது!

தாலாட்டு முடிந்தபோது முன்வரிசையில் ஏழெட்டுக் குழந்தைகள் தூங்கியிருந்தன. (பெரியவர்களும்தான்.)

சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். "ஊதும்போதே சந்தன வாசம் வருதே! எந்த ஊரு மவுத்தார்கன் சம்பந்தி?"

"மைசூருல சொல்லிச் செஞ்சது" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள். போதும்.

ஆனால் இன்று காலையில் சம்பந்தி போன் போட்டார்.

"எங்க ஊர்த் திருவிழாவுல உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியாச்சு! ஃப்ளெக்ஸு அடிக்கக் குடுத்துட்டேன். இந்த வாட்டி இன்னும் பெருசு!"

கால் மறுபடி நடுங்க ஆரம்பித்துவிட்டது.

நாலாவது ஓட்டையில் தொடங்கி ஏழாவதில் முடிகிற மாதிரி, ஒரு மணி நேரம் ஓடுகிற தாலாட்டு யாருக்காவது தெரியுமா?

சந்தனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.