பத்தொன்பது மணித்தியாலம்

சிராங்கூன் சாலையில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டிக்கெட் எழுதியவர் தியாகராசா. யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எத்தனை மைல், எத்தனை மணி என்று எந்த முகவரும் சொல்வார். இவர் வீட்டு வாசல் வரைக்கும் சொல்வார். அதற்கு முன் ஒன்று கேட்பார்.

“உங்கட ஆக்கள் எவ்வளவு நேரம் வைப்பினம்?”

பிணத்தைக் கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. தூத்துக்குடியில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் வந்த புதிது. தொலைபேசி அடித்தாலே ஓடிப் போய் எடுப்பேன்.

“ஐஸ் வெச்சா ஒன்றரை நாள், சார். ஃபாதர் ஊர்ல இருக்கணும்.”

“அப்ப பிடிக்கலாம்.” ஒரு துண்டுத்தாளில் 27 மணித்தியாலம் என்று எழுதிக் கொடுத்தார். அது என் பர்சிலேயே இருந்தது.

பக்கத்தில் நின்ற துணிக்கடை அஸ்மத் சிரித்தார். “நமக்கு மவுத்தானா அன்னைக்கே அடக்கம் லா. எனக்குத் தாள் வேணாம், தியாகு. துஆ ஓதிட்டுக் கடையைத் திறந்துடுவேன்.”

தியாகராசாவுக்கு ஊரில் இருந்தது அக்கா யோகம் ஒருவர்தான். கல்யாணம் ஆகாதவர். கொள்ளி வைக்க இவரை விட்டால் ஆளில்லை. எழுபத்தாறில் ஊருக்குப் போனபோது அக்காவுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். சென்னை, திருச்சி, அங்கிருந்து பலாலிக்குச் சின்ன விமானம். நூற்றுப்பதினைந்து மைல், ஒரு மணி நேரம்கூட இல்லை. பலாலியிலிருந்து வீடு சைக்கிள் தூரம். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது மணித்தியாலம். அக்கா அதை அயலெல்லாம் சொல்லி வைத்தார்.

பிறகு அந்த விமானம் நின்றது. சண்டை வந்தது. பலாலியில் படையினரின் விமானங்கள்தான் இறங்கின. கொழும்பிலிருந்து போகும் பாதை என்றைக்குத் திறந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு வேறு தாள் எழுதி அனுப்புங்கள் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“என்னெண்டு எழுதுறது, தம்பி? மைல் மாறேல்லையே.”

எண்பத்தாறில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்குத் தந்தி வந்தது. லீவுக்கு டிக்கெட் எடுக்க நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் பக்கத்து வீட்டுக் கந்தப்பு அனுப்பியிருந்தார். யோகம் காலமானார், பத்தொன்பது மணித்தியாலம் வைத்திருப்போம்.

அனுப்பிய நேரத்தைப் பார்த்தார். முந்தின நாள் பகல் இரண்டு மணி. பென்சிலை எடுத்து இரண்டு நாட்டு நேரத்தையும் கூட்டிக் கழித்தார்.

“இங்கத்தைய நேரம் பதினொண்டரைக்கு முடியுது.”

“போன் போட்டுப் பாக்கலாமா, சார்?”

“லைன் இல்லாமப் போய் ஒரு மாசம்.”

“அர்ஜண்ட் தந்தி?”

“நாளைக்குத்தான் போய்ச் சேரும், தம்பி.”

அந்த ஒரு மணி நேரமும் அப்படியே இருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. அங்கே வாசல் படலையைப் பார்த்தபடி ஆட்கள் நிற்பார்கள். பலாலிப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பதினொன்றரைக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இப்ப தூக்கியிருப்பினம். ஆர் கொள்ளி வைக்கினமோ.”

டிக்கெட் புத்தகத்தை இழுத்தார். “எந்தத் திகதி எண்டு சொன்னனீர்?”

சொன்னேன். எழுதினார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. தூரம் கேட்டால் புத்தகத்தில் உள்ள மைலைச் சொல்வார்.