எங்கள் வீட்டில் பர்கண்டி ஒரு நிறம்

சரியாக மாலை நாலு இருபதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. என் கணவர் சமையலறையிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு டம்ளரையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், அதில் செருகிய ஒரு துண்டுத் துணி.

டம்ளர்களில் இருந்தது ஒயின். கேட்டரிங் படித்த எங்கள் மகளுக்கு மறுநாள் கோயமுத்தூரில் தேர்வு. புட்டியைப் பார்க்காமல், சுவைத்தே எந்த ஊர் ஒயின், எந்த வகை என்று சொல்ல வேண்டும். தேறினால் பெங்களூரில் பயிற்சியும் வேலையும். இல்லையென்றால் எங்கள் பனியன் கம்பெனியிலேயே உட்கார்ந்து ஆர்டர் பார்ப்பது என்று அப்பாவும் மகளும் பேசி முடித்திருந்தார்கள். 'ஒயின்ஸ்' என்றால் எங்கள் ஊரில் சாராயக்கடை. அவள் என்ன தேர்வு எழுதப் போகிறாள் என்று நாங்கள் குடியிருக்கும் ராயபுரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதற்காக அவள் தோற்க வேண்டும் என்று நினைப்பேனா?

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களை எங்களுக்குப் பிடித்துத் தரும் ஏஜெண்ட்தான் புட்டிகளை வரவழைத்துக் கொடுத்திருந்தார். பிரான்சிலிருந்து இரண்டு சிவப்பு, ஜெர்மனியிலிருந்து ஒரு வெள்ளை.

மகள் முதல் டம்ளரை முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"பர்கண்டிங்கப்பா. லைட்டான பாடி. செர்ரி, மழை பெஞ்ச மண்ணு வாசம்."

"லைட்டுன்னா எத்தன ஜிஎஸ்எம் கண்ணு?" என்றார் இவர். துணியின் கனத்தைக் கேட்பது போலவே கேட்டார்.

அவள் கண்டுகொள்ளாமல் அடுத்ததை எடுத்தாள். "இது போர்டோ. கொட்டப்பாக்கு மென்னாப்பல நாக்கப் புடிக்குது."

"போர்டாக்ஸ்னு சொல்லு."

"போர்டோதானுங்கப்பா." மூன்றாவதை நிதானமாகக் குடித்தாள். "ஜெர்மன். எலுமிச்சத் தோலு, தேனு, அடியில கொஞ்சம் மண்ணெண்ண."

"மண்ணெண்ணயா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்ல ஜெர்மன் ஒயினு வயசானா அப்படித்தானுங்கம்மா."

மூன்றும் சரி. இவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. டம்ளரிலிருந்த துணியை உருவிப் பார்த்தாள்.

"இது என்னங்கப்பா?"

"எது எதுன்னு எனக்கு மறந்துறக் கூடாதில்ல."

பர்கண்டி, போர்டோ இரண்டுமே எங்கள் தொழிலில் சாய நிறங்களின் பெயர்கள். இந்த மனிதர் பர்கண்டி ஒயினுக்கு பர்கண்டி துணி, போர்டோவுக்கு போர்டோ, வெள்ளைக்கு ஆஃப் ஒயிட் என்று வைத்திருக்கிறார். சாயத் துணித்துண்டுகள் ஒட்டிய ஷேட் கார்டை வைத்து விளையாடி வளர்ந்த பெண்ணிடம் கேள்வித்தாளோடு விடையையும் பின் பண்ணிக் கொடுத்தது போல.

"ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் யோசன இருக்குதா?" என்றேன்.

"நெறம் பாத்து வெச்சது தப்பா?" என்றார். முப்பது வருஷப் பழக்கத்திடம் என்ன பேசுவது.

துணிகளைப் பிடுங்கிப் போட்டு, டம்ளர்களைக் கழுவி, நானே வரிசை மாற்றி ஊற்றினேன். அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் கையில் கொடுத்தேன். ஜெர்மனைச் சொன்னாள். போர்டோவைச் சொன்னாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"மிச்சம் பர்கண்டிதான கண்ணு?" என்று இவர் எடுத்துக் கொடுத்தார்.

"கணக்குப் போட்டுச் சொல்லிரலாமுங்கப்பா. வாய்க்கு அப்படித் தெரியலியே. நாவப்பழத்தப் போட்டு வேக வெச்சாப்பல இருக்குது. செர்ரியுமில்ல, மண்ணுமில்ல."

"மொதல்ல நீதான சொன்ன?"

"அது என்னையறியாம துணி நெறத்தப் பாத்துச் சொன்னது. புஸ்தகத்துல படிச்சது."

"மண்ணெண்ண நாறுனா நல்லதாமா, ஜாம் வாசம் வந்தா ஆகாதாமா. பிரான்ஸ்காரன் சரக்குக்கு இவ கொற சொல்றா," என்று இவர் என்னிடம் திரும்பினார். எனக்கு இரண்டு பேரையும் உட்காரவைத்து அடிக்கலாம் போலிருந்தது.

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் நாளைக்குப் போகலீங்கம்மா. இது என்னன்னே எனக்குத் தெரியல. அங்க போயி எதப் பாத்துச் சொல்லுவேன்?"

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். இவரோ வெளியே நின்று, கம்பெனியில் அவளுக்கு எந்த மேசை வசதி என்று பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் இப்படியே போனது.

வாசலில் ஹாரன் கேட்டது. ஏஜெண்ட் வந்திருந்தார். இவர் மகள் வைத்துவிட்டுப் போன டம்ளரை அவர் கையில் திணித்தார். அவர் முகர்ந்தார், ஒரு மடக்குக் குடித்தார். உடனே போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு காதர்பேட்டை கடைவீதில உங்க காரு டிக்கில நான் வெச்சுட்டுப் போன பாட்டலுதான இது? வெயில்லயே கெடந்துதுங்களா? சூட்டுல ஒயினு வெந்து போச்சுங்க. பாப்பா குடிச்சுப் பாத்துதா? அது ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"