அட்டையை எடுக்கச் சொன்னவன்: அரியலூர்ப் பக்கம் ஒரு சனி, ஞாயிறு

இந்தப் பதிவை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. போன வருடம், 2005 ஜூலையில் போன பயணம். அந்தப் பக்கம் போக பஸ் நேரம் கேட்டு நீங்கள் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள், நானும் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையான காரணம் வெட்கம்தான்.

அப்போது சரித்திரப் போர்ப் படங்களில் வரும் காதல் காட்சிகளைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நாளை சாகப்போகிறவன் இன்றைக்குத் தன் மனைவியைத் தொடும்போதுதான் போர் என்றால் என்னவென்று நமக்கு உறைக்கிறது, அதை வெட்டினால் மிஞ்சுவது வெறும் கத்திச் சண்டை என்பது என் கட்சி. (இன்றும் அதே கட்சிதான்.) அப்படியொரு படம், தமிழில் டப் செய்தது, தா.பழூர் போகிற வழியில் ஒரு கிராமத்துக் கொட்டகையில் ஓடுகிறது என்று நண்பர் சொன்னார். ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கலாமே என்று கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருச்சியில் பஸ். ஏழு மணிக்குப் பெரம்பலூர். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. செட்டிகுளம் மலைக்கோயிலை நான் பார்க்காமல் விட்டேன், நீங்கள் விடாதீர்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரம். லாட்ஜில் ஓர் அறை, நூற்றைம்பது ரூபாய், தண்ணீர் நன்றாக வரும். கொட்டகை இருக்கும் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி ஐந்து நிமிடம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

மதியம் இரண்டரை ஆட்டம். கொட்டகையின் நடுவே மார்பளவுக்கு ஒரு சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். களை எடுத்துவிட்டு அப்படியே வந்த பெண்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். சிரிப்பும் பேச்சுமாக ஒரே கலகலப்பு. படத்தில் வீரன் விடைபெற மனைவியின் அறைக்குள் நுழைந்தான். பொசுக்கென்று திரை இருட்டிவிட்டது! வசனம் மட்டும் கேட்கிறது, இசை கேட்கிறது, படம் இல்லை. திரும்பிப் பார்த்தால், ஆபரேட்டர் முருகேசன் லென்சுக்கு முன்னால் ஒரு காலண்டர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். ஆட்டம் முடிந்ததும் நேராக மேலே ஏறிப் போனேன்.

"பொம்பளைங்க வர்ற ஆட்டத்துக்கு மட்டுந்தான் சார் வைப்பேன். அவங்கதான்..." என்று ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு என்னங்க தெரியும்? இது கலை!" என்று வெட்டினேன். கொட்டகை முதலாளியிடமும் போய், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லி, நாளைக்கு முழுசாக ஓட்டணும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தேன். அரியலூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

ஞாயிறும் அதே ஆட்டம். அறைக் காட்சி வந்தது, அட்டை வரவில்லை. ஆண்கள் பக்கம் யாருமே திரையைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் யார் யார் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். விசில். ஒருவன் டார்ச் அடித்தான்.

"யே அஞ்சல, கண்ண மூடாத! நல்லாப் பாத்துக்க!"

பேர் சொல்லி, முறை சொல்லி, ஒருவர் விடாமல் கூப்பிட்டார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஐந்தே நிமிடத்தில் அந்தப் பக்கம் காலி. நான் எழுந்திருக்கவில்லை. போர்க் காட்சி பாக்கி இருந்தது, உட்கார்ந்து பார்த்தேன்.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், அங்கே ஒரு பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் சார் அஞ்சலை. அட்டைய வைக்கச் சொன்னதே நாங்கதான். படத்த மறைக்க இல்ல, இவனுவோ எங்களப் பாக்காம இருக்க. வூட்டுல நாலு வருசம் மல்லுக்கட்டி வாங்குன சனி ஞாயிறு சார் இது."

"தப்புதாங்க, மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிப்ப வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? எங்க வூட்டுக்காரரு காதுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். ரெண்டு தெரு தள்ளித்தான் வூடு. நீங்க வந்து, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. படிச்சவரு சொன்னா கேப்பாரு."

ஐந்து பத்து பஸ் திரும்பி வந்து நின்றது. "ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லி ஏறிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

மூன்று மாதம் கழித்து முதலாளிக்குப் போன் செய்தேன். "பொம்பளைங்க யாரும் வர்றதில்ல சார். அந்தப் பக்கத்துலயும் ஆம்பளைங்களுக்கு பெஞ்சு போட்டாச்சு" என்றார். கட்டுரை அச்சில் வந்து, நாலு பேர் பாராட்டினார்கள்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மதிய வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துப் போங்கள். கொட்டகையில் டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து அரியலூருக்கு ஐந்து பத்துக்கு அடுத்த பஸ் ஆறு இருபதுக்கு. அதில் ஏறினால் ஏழு இருபத்தைந்துக்கு ஸ்டேஷன் போய்விடலாம். என் ரயில் எட்டு நாற்பதுக்கு.