தாழ்மை பற்றி எழுதிய போதகர்

அந்தப் போதகர் தாழ்மையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தொண்ணூற்றாறு பக்கங்களில் அவருடைய படம் பதினொரு இடங்களில் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். காலில் பளபளக்கும் சப்பாத்து, சாயம் பூசிய தலை. யாரும் கேட்காமலே புத்தகத்தில் கையெழுத்திட்டு நீட்டுவார்.

மறுநாள் இதய அறுவைச் சிகிச்சைக்குப் போகவிருந்த என் மனைவி, அதற்கு முன் திருவிருந்து வாங்க ஆசைப்பட்டாள். அதற்காகவே அவரை ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். தாழ்மை என்ற சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று நாற்பத்திரண்டு நிமிடம் விளக்கினார். பிறகு பையைத் திறந்தார். உள்ளே நான்கு புத்தகங்கள் இருந்தன. திருவிருந்துக்கு வேண்டிய அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை.

“சர்ச்லயே வச்சிட்டேன் லா. அடுத்த வாரம் கொண்டு வரேன், ஆன்ட்டி.”

“நாளைக்கு ஆபரேஷன், பாஸ்டர்,” என்றேன்.

“மூணாவது அதிகாரத்தப் படிச்சுக் காட்டுங்க, அங்கிள். ரொம்ப ஆறுதலா இருக்கும்,” என்று ஒரு பிரதியில் கையெழுத்திட்டார்.

அவர் லிஃப்டில் இறங்கியதும் மனைவி சொன்னாள்: “பாவம், அந்த மனுஷனுக்காக ஜெபம் பண்ணுங்க.”

அவள் பிழைத்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர்மேல் அவளுக்கு எப்படி இரக்கம் வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் இன்னும் ஜெபம் பண்ணவில்லை.