ஒரு பாட்டில் கடல்

கடலைக் காட்டுகிறேன் என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், நான்தான் கடல் கடல் என்று அவர் உயிரை வாங்கியதாகக் கதை கட்டினார்கள். அப்படி ஒரு ஆசை எனக்கு இருந்ததே இல்லை. பிறந்தது கம்பைநல்லூர், வாழ்க்கைப்பட்டது பென்னாகரம் பக்கம். தண்ணீர் என்றால் எனக்கு அடிபம்பும் ஏரியும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லும்தான். இல்லாத ஆசையை ஊட்டியது அவர்.

தலைப்பிரசவத்துக்கு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். குழந்தையைப் பார்க்க வந்தவர், அதன் விரலைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கு ஒரு வயசு ஆவதற்குள் நாம் மூன்று பேரும் ராமேஸ்வரம் போய் வரலாம், ரயில் கடல் மேலேயே போகுமாம், ரெண்டு பக்கமும் தண்ணீராம் என்றார். மூன்று பேரும் என்று சொன்னாரே, அதில்தான் விழுந்தேன். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேராக தர்மபுரிக்கு ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. எங்கே கிளம்பினாலும் பின்னாலேயே ஒரு பட்டாளம் வரும்.

அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அந்த வேலையில் ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூடு கட்டி முடித்து, கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, தட்டுகளைக் கழுவிக் காயவைத்து, அடுத்த முட்டை வாங்கி வருவதற்குள் கொஞ்ச நாள் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் கல்யாணம், காதுகுத்து, சண்டை எல்லாமே. ராமேஸ்வரமும் அதில்தான் என்று முடிவாயிற்று.

குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். நான் ஆயத்தம் செய்த அழகை இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ராகியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்து, பழைய வேட்டியில் சலித்து ஒரு டப்பா நிறைய வைத்தேன். இன்னொரு வேட்டியைக் கிழித்து இடுப்புத்துணி தைத்தேன். பக்கத்து வீட்டு டீச்சரிடம் பிளாஸ்க் இரவல் வாங்கினேன். ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் குழந்தை மேல் வெயில் படாது என்றுகூட வீட்டுக்காரரைக் கேட்டுத் துளைத்தேன். அதெல்லாம் போகட்டும். கடல் தண்ணீர் குழந்தைக்குப் பழக வேண்டுமே என்று, குளிக்க ஊற்றும் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைக் கரைத்தேன். ஒரு சொட்டு வாய்க்குள் போய்விட்டது. முகத்தை எட்டுக் கோணலாக்கி, நாக்கை வெளியே தள்ளி, வீடே அதிர அழுதாள்.

மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நேரில் அவளுக்கு வாய்க்கு வாய் 'ங்க' போட்டேன். இங்கே எழுதும்போது போட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகளிடம் சொன்னாள்: "கொழந்தைய உப்புக்கண்டம் போடறா பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து விஷயம் வெளியே வந்தது. எதற்கு உப்பு, எங்கே பயணம் என்று விசாரணை நடந்தது. அவர் எதற்குத்தான் எதிர்த்து நின்றிருக்கிறார், அங்கேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நல்ல யோசனை என்றாள். செத்துப்போன மாமனாருக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் ரொம்ப நாளாக மனசில் இருந்ததாம். ஒரே மகன் போகும்போது தாயும் போக வேண்டாமா? தாய் போகும்போது மகள் வேண்டாமா? மகள் வந்தால் மருமகன், அவர்கள் பிள்ளைகள், மருமகனின் அம்மா. அப்புறம் பெரியப்பா வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். மூன்று பேர் போகிற பயணம் ஒரு வேன் நிறைய ஆளாயிற்று. வேனை மண்டபத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ரயிலேறுவது என்று பேசினார்கள். அப்போது தீவுக்கு ரோடு கிடையாது.

சரி, கூட்டத்தோடு கூட்டமாகவாவது கடலைப் பார்ப்போம் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாமியாரைக் குளிரவைக்கிறேன் பேர்வழி என்று, அத்தை, குழந்தைக்கு மொட்டையையும் அங்கேயே அடித்துவிடலாமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

மாமியார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மொத முடி குலசாமிக்கு. அது இன்னும் எடுக்கல இல்ல? சாமிக்கு எடுக்காத முடியோட கொழந்த கடல் தாண்டக் கூடாது."

அவர்கள் குலசாமி இண்டூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. முதல் மொட்டை அங்கேதான் என்பது எனக்குத் தெரியும். அதை முடிக்காமல் குழந்தை கடல் தாண்டக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். நிஜமாகவே அப்படி ஒரு வழக்கம் இருந்ததா, அந்த வெற்றிலை எச்சிலோடு சேர்ந்து வந்ததா, யாருக்குத் தெரியும். ஆனால் சாமி பேரைச் சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது? அப்போ நானும் குழந்தையும், என்று இழுத்தேன்.

"உன்னய வேண்டாம்னு யாரு சொன்னது? கொழந்தைய வுட்டுட்டு வா."

பால்குடி மறக்காத குழந்தையை எங்கே விடுவது, அடிபம்படியிலா?

நான் விடவில்லை. வேன் கிளம்ப நாள் இருந்தது. இண்டூர் என்ன இமயமலையா, ஒரு எட்டு போய் மொட்டையை முடித்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் மொட்டை அடிக்கக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன். அங்கேதான் முடிச்சு விழுந்திருந்தது.

ஐந்தாம் மாதம் குழந்தையை இங்கே கொண்டுவந்து விட்டபோது, அண்ணன் சீரோடு ஒரு தொட்டிலும் கொண்டுவந்தார். அவர் பிள்ளைகள் படுத்து வளர்ந்த மரத்தொட்டில், புதிதாக வார்னிஷ் அடித்தது. மாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வந்திருந்த சனம் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி, அதை வெயிலில் போடுங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் வெளியே வரும் என்றாள். தொட்டிலை வாசலில் வெயிலில் வைத்தார்கள். அண்ணன் இலையில் உட்காராமலே பஸ் ஏறிப் போய்விட்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூருக்குப் போனேன். அண்ணி குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். அண்ணன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"உங்க மாமியா வரட்டும். வெத்தல பாக்கு வச்சு, மொறையா என்னயக் கூப்புடட்டும். வரன்."

முறைப்படி அவர் கேட்டது நியாயம்தான். தாய்மாமனை மடி கொடுக்கக் கூப்பிட, குழந்தையின் அப்பன் வீட்டார் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். அதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அந்த அம்மா வர மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். எனக்காக வா அண்ணா, எனக்கு அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் அண்ணா என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"கடலப் பாக்கறதுக்கு நான் எம் மானத்த வுடணுமா?"

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள் என்று. அவர் கொட்டகையில் புழுத்தட்டு கழுவிக்கொண்டிருந்தார். எங்கம்மாவையும் ஒண்ணும் சொல்ல முடியாது, உங்கண்ணனையும் ஒண்ணும் சொல்ல முடியாது, நான் எங்கே போய் நிற்பது என்று கேட்டார். இத்தனை பேருக்கு நடுவில் என்னிடம் மட்டும் அவரால் எதையும் சொல்ல முடிந்தது.

கடைசியில் நானே மாமியார் காலில் விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். ஒரு வெற்றிலை பாக்குத்தான் அத்தை, வாசலில் நின்று வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"கால்ல வுழறதுக்குக்கூட உங்க அண்ணன் உன்னயத்தான் அனுப்பறானா?"

என் நாத்தனார் தலை வாரிக்கொண்டே சிரித்தாள். எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. நீ வராமல் நான் மட்டும் போவேனா என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தேன். வேன் வந்து நிற்கும்வரை இருந்தேன். நான் கிளறிய புளிச்சோற்றை, நான் சுட்ட முறுக்கை, நான் துவைத்த வேட்டியை எல்லாம் ஏற்றினார்கள். திதி கொடுப்பது மகன் அல்லவா, மகன் போகாமல் எப்படி என்று மாமியார் யாரும் கேட்காமலே சொன்னாள். அவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு, முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறினார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

நாத்தனார் மறுபடி இறங்கி வந்தாள். என்னைத்தான் கூப்பிட வருகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது. அவள் சின்னப் பையனுக்கு வழியில் வேண்டுமாம், அந்த ராகி மாவு டப்பாவைக் கொடு, நீ வீட்டில்தானே இருக்கிறாய், மறுபடி அரைத்துக்கொள்ளலாம் என்றாள். பிளாஸ்க்கையும் வாங்கிக்கொண்டாள்.

வேன் போனது. அப்புறம் அங்கே இருந்தது நானும் குழந்தையும் ரெண்டு மாடும்தான். மறுபடி ராகியை ஊறவைத்தேன். குழந்தையோடு பேசிக்கொண்டே முளைகட்டினேன். என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன், அச்சில் ஏறாது.

அவர்கள் ஒரு சாயங்காலம் திரும்பி வந்தார்கள். எல்லோரும் கறுத்துப் போயிருந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாலத்தில் ரயில் ஆமை வேகத்தில் போனதையும், அலை நாத்தனார் கொலுசை இழுத்துக்கொண்டு போனதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். மாமியார் எனக்கு ஒரு சோழியைக் கொடுத்தாள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய சங்கு.

அவர் என்னிடம் வந்து, பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தார். நிறையத் தண்ணீர். மூடிக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"இந்தா. உனக்கோசரம் கடலையே கொண்டாந்துட்டன்."

ஆசையாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பொய் சொல்வானேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை கூட்டத்தில், அத்தனை அலைச்சலில், என்னை நினைத்து அலையில் இறங்கிப் பிடித்திருக்கிறாரே என்று மனசு இளகிப்போனது. துணியை அவிழ்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தேன்.

உப்பே இல்லை. இரும்பு வாடை அடித்தது. பாட்டிலின் அடியில் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. எங்கள் தெரு முனை அடிபம்புத் தண்ணீர். தினமும் குடம் குடமாக அடித்துச் சுமக்கிறவளுக்கு அந்த ருசி தெரியாதா? கடலில் பிடிக்க மறந்துவிட்டார். ஊர் வந்த பிறகு ஞாபகம் வந்திருக்கிறது, வேனை விட்டு இறங்கிப் பம்பில் பிடித்திருக்கிறார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? அவர் அம்மாவைப் போல நேருக்கு நேர் கொட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாட்டிலோடு கூடத்துக்கு வந்தேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கரிக்குதுங்களா இது?" என்று அவரைக் கேட்டேன்.

"கடல் தண்ணி கரிக்காம இருக்குமா?" என்றார்.

சரி என்றேன். கூடத்து ஓரத்திலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பாட்டில் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, புதிதாக அரைத்த ராகி மாவைக் கரைத்தேன். மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்த ஆரம்பித்தாள். அறிவு கெட்டவளே, கடல் தண்ணியில் கூழ் காய்ச்சிப் பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுவாளா ஒருத்தி, பிள்ளைக்குப் பேதி ஆகும், நீயெல்லாம் ஒரு தாயா என்றாள். நாத்தனார் வந்து என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுக் கிண்டினேன். பிறகு மாமியார் மகன் பக்கம் திரும்பினாள்.

"டேய், நீயாச்சும் சொல்லுடா. உம் புள்ளைக்கு உப்புத் தண்ணிய ஊத்தறா."

அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூழை ஆறவைத்து, குழந்தையை மடியில் போட்டு, அத்தனை பேர் பார்க்க ஊட்டினேன். ஒரு சொட்டு உப்புத் தண்ணீருக்கு வீட்டையே அதிரவைத்தவள், முகம் சுளிக்காமல் கடைசி வாய்வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தைத் தட்டினாள்.

மாமியார் கிண்ணத்தில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவர் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.